பழைய அச்சு நூல்களும் சரித்திர ஆராய்ச்சியும்



சரித்திர ஆராய்ச்சிக்குரிய ஆதாரங்கள் யாவை என்று ஒரு கல்லூரி மாணவரைக் கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பிறநாட்டு யாத்திரிகர் எழுதிவைத்த குறிப்பு, சர்க்கார் தஸ்தாவேஜு என்று வரிசையாகச் சொல்லி, இறுதியில் இலக்கியம் என்பதையும் சேர்த்துக்கொள்வார். இலக்கியம் என்று அவர் கருதுவது ஒரு புலவர் பாடிய பாட்டையேயன்றி, அப்பாட்டைத் தாங்கிக்கொண்டு இன்ன ஆண்டில், இன்ன தெருவிலுள்ள அச்சுக்கூடத்திலிருந்து, இன்ன விலைக்கு வெளிவந்த புத்தகத்தை அன்று. புறநானூற்றை ஆதாரமாகக் கொள்ளும் ஆராய்ச்சியாளர் பலர் உளர். 1894ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் வெளியிட்ட புறநானூற்றுப் புத்தகத்தை, அவ்வாண்டின் தமிழ்நாட்டைப் பற்றிய ஆதாரமாகக் கொள்பவர் மிகச் சிலரே. பாட்டு பழைய வேந்தர்களைப் பற்றிப் பேசுகிறது. புத்தகமோ ஏடு கொடுத்தவர், காகிதம் வாங்கித் தந்தவர், அச்சுக் கோத்தவர், விலை கொடுத்து வாங்கியவர் என்ற ஒரு பெரிய கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. அக்கூட்டத்தின் பேச்சைக் கேட்பதற்கு நம் நூலகங்கள் எவ்வளவு தூரம் இடங்கொடுக்கின்றன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் ஒரு முகப்புப் பக்கத்தைப் பார்ப்போம். இன்று நமக்குக் கிடைக்கும் திருக்குறள் அச்சுப் பதிப்புகளுள் மிகப் பழையது 1812ஆம் ஆண்டில் சென்னையில் அச்சாயிற்று. குறளின் மூலபாடத்தோடு நாலடியார் மூலபாடமும் அதன்கண் உண்டு. திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர் பெயர் அப்பதிப்போடு தொடர்புற்று நிற்கிறது. அச்சிட்டவர் தஞ்சை நகரத்து மலையப்ப பிள்ளையின் குமாரர் ஞானப்பிரகாசர். அச்சிட்ட இடம் மாசத் தினசரிதையின் அச்சுக்கூடம். திருக்குறளைக் கற்பதற்காக அந்நூலைத் திறப்பவருக்கு இச்செய்திகளால் ஆவது ஒன்றுமில்லை. அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிவிடுவார். சரித்திரம் கற்க வந்தவரோ அம்முதற் பக்கத்திலேயே ஒரு நாள் முழுவதும் தங்கலாம்.

ஏன் என்று சொல்லுகிறேன். 1835ஆம் ஆண்டில் மெட்காப் துரை காலத்தில் வந்த சட்டத்துக்கு முன்னர் இந்நாட்டார் அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள இயலாதிருந்தது என்று நம் பாடநூல்கள் பல எழுதிக்கொண்டு வருகின்றன. அதற்கு இருபத்து மூன்று ஆண்டு முந்திய இம்முகப்பில் தஞ்சாவூர்த் தமிழர் ஒருவர் சென்னையில் அச்சிற் பதிப்பித்ததாகத் தம் பெயரைத் தந்தை பெயரோடும் ஊர்ப்பெயரோடும் பொறித்திருக்கிறார். அச்சுக்கூடம் அவருக்கே உரியதா, பிறர் உடைமையில் அவர் தொழில் நடத்தினாரா என்பதை இம்முகப்பு ஒன்றைக்கொண்டு துணிய முடியாது. ஆயினும் பாடநூல்களின் வாக்கியம் அவ்வளவு உறுதியோடு இனி நிற்க இயலாது. அன்றியும், மாசத் தினசரிதை என்பது ஒரு பத்திரிகையின் பெயராகத் தோன்றுகிறது. அவ்வாறாயின் 1812இலேயே தமிழ்ப் பத்திரிகை ஒன்று சென்னையில் நடந்திருக்கவேண்டும் என்று ஊகிப்பதற்கு இடமுண்டு. அதன் இதழ் ஒன்றையேனும் நான் கண்டதில்லை. இதழெல்லாம் மறைந்துபோக, அதனை அச்சிட்ட கூடத்தின் பெயர் மாத்திரம் ஒரு குறள் புத்தகத்தின் முகப்பிலே ஒட்டிக்கொண்டு தப்பியிருக்கிறது. ஞானப்பிரகாசர் என்ற பெயரோ சைவருக்கும் உண்டு, கத்தோலிக்கருக்கும் உண்டு. ஆதலால் அவர் எந்தச் சமயத்தார் என்று பெயரைக்கொண்டு முடிவு கட்டுவார் கட்டட்டும், நான் அத்துணிவு இல்லாதவன்.

முகப்புப் பக்கத்தைப் படிப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். கிறிஸ்து சகாப்த ஆண்டைக் குறிக்காமல் தாது வருஷம் சித்திரை மாதம் என்று மட்டும் போட்டிருக்கும் நூல் ஒன்று கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1816 ஆகலாம், 1876 ஆகலாம், 1936உம் ஆகலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்பி வரும். காகிதத்தையும் எழுத்து வார்ப்பையும் பார்த்து ஒருவாறு சொல்லலாம். மெய்யெழுத்துக்குப் புள்ளி இட்டிருக்கிறதா, எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபடுத்தப்பட்டிருக்கின்றனவா என்றும் நோக்கலாம். இவையெல்லாவற்றினும் தெளிவான துணை ஒன்று சட்டத்திலிருந்து கிடைக்கிறது. 1847ஆம் வருஷத்து 20ஆவது ஆக்ட், 1867ஆம் வருஷத்து 25ஆவது ஆக்ட் என்ற வாசகங்களுள் யாதேனும் ஒன்று முகப்பிலோ பின்புறத்திலோ இருந்தால், அந்நூல் அவ்வாண்டுக்குப் பிற்பட்டது என்பதில் ஐயமில்லை.

அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருந்தே ஆகவேண்டும் என்று சர்க்கார் விதித்தது, பின்னால் வரப்போகும் சரித்திரக்காரர்மேல் வைத்த கருணையால் அன்று. ராஜ விரோதமாக ஒரு சொல் அச்சேறினால், எந்தக் கதவைத் தட்டுவது என்று போலீஸாருக்குத் தெரியவேண்டும், அவ்வளவே. 1857ஆம் ஆண்டின் பெருங்கலகத்துக்குப் பத்தாண்டு கழித்து வந்த 25ஆவது ஆக்ட், அச்சான ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சர்க்காருக்கு அனுப்பப்படவேண்டும் என்றும், அவற்றின் ஜாபிதா மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெஜட்டில் வெளிவரவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தது. அந்த ஜாபிதாவில் நூலின் பெயர், பாஷை, ஆசிரியர், விஷயம், அச்சிட்ட இடம், அச்சிட்டவரும் வெளியிட்டவரும் இன்னார் என்பது, வெளிவந்த தேதி, பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, விலை, பதிப்புரிமை உடையவரின் பெயரும் இருப்பிடமும் என்று பல பத்திகள் உண்டு. சந்தேகத்தினால் பிறந்த இக்கணக்கு, ஒரு தேசத்தார் ஒரு காலாண்டில் எதைப் படித்தனர், எவ்வளவு கொடுத்துப் படித்தனர் என்பதை அறிவிக்கும் அரிய சாதனமாக இன்று பயன்படுகிறது.

ஒரு பத்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம். எத்தனை பிரதி என்பது. நம் இலக்கிய சரித்திரங்களிற் பெரிதாகப் பேசப்படும் காவியப் பதிப்புகளுக்குரிய எண்ணும், அச்சரித்திரங்களில் ஒரு வரிகூடப் பெறாத அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, பஞ்சாங்கம், பாலபாடம் முதலியவற்றுக்குரிய எண்ணும் ஒரே பத்தியில் மேலும் கீழுமாக நிற்கும். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்த பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலக்கியம் என்று நாம் எதைச் சொல்லிவந்தோம் என்ற கேள்வி எழாமற் போகாது. ஆனால், அவ்வெண்கள் அச்சுக்கூடத்தார் தாமே எழுதிக்கொடுத்தவை என்பதையும் மறக்கக்கூடாது. பதிவுக்கு வராமலே தெருவுக்குப் போன பிரசுரங்களும் உண்டு. கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது போலவே இந்த ஜாபிதாவையும் பார்க்கவேண்டும். எழுதியவன் யார், யாருக்குப் பயந்து எழுதினான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

தடை செய்யப்பட்ட நூல்களின் கதை இன்னும் வேடிக்கையானது. பாரதியாரின் 'கனவு', 'ஆறிலொரு பங்கு' என்னும் இரண்டையும் சென்னை அரசாங்கம் 1911ஆம் ஆண்டில் தடை செய்தது. அவர் காலமான பின்னர் 1928இல் அவருடைய பாடல் நூல்கள் பறிமுதலாயின. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதனைக் கண்டித்து முழங்கினார். பறிமுதல் செய்யப்பட்ட பிரசுரங்கள் என்னவாயின? வீட்டில் வைத்திருந்தவர்கள் பயத்தால் எரித்தார்கள், புதைத்தார்கள், ஊராருக்குத் தெரியாமல் கிணற்றில் போட்டார்கள். தடை செய்தவர்களோ தம் ஆணைக்கு ஆதாரமாக ஒரு பிரதியைக் கட்டி வைத்து, லண்டனுக்கும் அனுப்பினார்கள். இந்தியாவிலே தடைசெய்யப்பட்டு அங்குச் சேர்ந்த பிரசுரங்களுக்கு 1985ஆம் ஆண்டில் தனியே ஒரு கேடலாகு அச்சாகியிருக்கிறது. தேசபக்திப் பாட்டுக்களைத் தேடுபவர் அவற்றைத் தடுத்தவர் வீட்டுக்கே போகவேண்டியிருக்கிறது.

இனி முகவுரைகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் வெளியிட்டார்கள். வீரசோழியத்துக்கு அவர்கள் எழுதிய பதிப்புரையில் தமிழ் இலக்கிய காலத்தை எட்டாகப் பகுத்திருக்கிறார்கள். அப்பகுப்பை இன்று எவரும் ஏற்றுக்கொள்வதில்லை, நானும் ஏற்கவில்லை. எனினும் தமிழுக்கு ஒரு சரித்திரம் உண்டு, அதனைக் காலவரிசைப்படுத்தலாம் என்ற எண்ணம் எப்படி முளைத்தது என்று காண விரும்புபவருக்கு அப்பதிப்புரையினும் மேலான இடம் கிடையாது. தனிப் புத்தகமாகவோ பல்கலைக்கழகப் பிரசங்கமாகவோ வராமல், ஓர் இலக்கண நூலின் வாயிற்படியிலே அது உட்கார்ந்திருக்கிறது. பிற்காலத்து மலிவுப் பதிப்பாளர் பலர் மூலத்தையும் உரையையும் வைத்துக்கொண்டு பழைய முகவுரையை நீக்கிவிட்டனர். பக்கம் குறைந்தது, விலையும் குறைந்தது. முகவுரையை நாடுவோர் முதற்பதிப்பை வைத்திருக்கும் நூலகத்தையே நம்பி நிற்கவேண்டியதாயிற்று.

சீவகசிந்தாமணி 1887இல் வெளிவந்த வரலாற்றை அதன் பதிப்பாசிரியர் சாமிநாதையரவர்களே 'என் சரித்திர'த்தில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதில் தெரிவது போல, நூல் வெளிவருமுன்பே வாங்குவதாக உறுதி கூறி முன்வந்தவர்களுடைய கையொப்பத்தை நம்பியே அக்காலத்துப் பதிப்பாளர் பலர் அச்சு வேலையைத் தொடங்கினர். அவ்வாறு கையொப்பம் செய்தவர் பெயர்கள் ஊரோடும் உத்தியோகத்தோடும் பல நூல்களின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருக்கும். ஜமீன்தார், மடாதிபதி ஆகியோர் பெயர் மேலே பெரிய எழுத்தில் நிற்கும். அவர்களுக்குக் கீழே தாசில்தார், ஜில்லா முன்சீப், வக்கீல், ஸப்ரிஜிஸ்திரார், தலைமைக் குமாஸ்தா, பள்ளிக்கூட உபாத்தியாயர் என்று ஒரு புதிய வர்க்கமே அணிவகுத்து நிற்பதைக் காணலாம். முற்காலத்தில் ஒரு நூல் அரங்கேறுவதற்கு ஒரு பிரபு போதும். இப்பொழுது ஒவ்வொருவரும் இரண்டு மூன்று ரூபாய் கொடுக்கும் நூற்றுக்கணக்கானோர் வேண்டும். தமிழ்க் கல்வியைத் தாங்கும் தூண் அரண்மனையிலிருந்து கச்சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாறிய கதையை எந்தச் சரித்திர நூலும் இப்பட்டியல்களைப் போல் நேராகச் சொல்லவில்லை. ஒரு தலைமுறைக் காலத்துக் கையொப்பப் பட்டியல்களையெல்லாம் ஒருங்கே தொகுத்து ஆராய்ந்தவர் உண்டா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை. இளைஞர் யாரேனும் இதனை மேற்கொள்ளலாம்.

நூலைப் புகழ்ந்து பிற புலவர் பாடிக்கொடுத்த சாற்றுக்கவிகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை வெறும் முகஸ்துதி. ஆயினும் யார் யாருக்குச் சாற்றுக்கவி கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதைப் பார்த்தால் புலவர் கட்சிகள் விளங்கும்.

மதிப்புள்ள நூல்களையே இதுகாறும் பேசினேன். மதிப்பில்லாதன என்று ஒதுக்கப்பட்டவற்றிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1876இல் தொடங்கி இரண்டாண்டுக்கு மேல் தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி எழுதுவோர் 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன் அறிக்கையையும், வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூலையும் ஆதாரமாகக் கொள்வது வழக்கம். அவை இன்றியமையாதவையே. ஆனால் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களின் நாவிலிருந்து வந்தது என்ன? சிவகங்கைச் சமஸ்தான வித்துவான் வில்லியப்ப பிள்ளை பாடிய 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்று ஒரு பரிகாச நூல் உண்டு. பஞ்சத்தால் வருந்தியவர்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் தம்மால் ஆகாது என்று கூறி, சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு திருமுகம் எழுதிக் கொடுத்தனுப்புகிறார். பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்குமாறு ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்குத் திருமுகம் வரைந்த பழைய கதையை அறிந்தவர்களுக்கு இந்நூலின் சுவை உடனே புலப்படும். ஜாதிக்காரர், உத்தியோகஸ்தர், தரகர், வட்டிக்காரர் என்று எவரையும் விடாமல் புலவர் இதில் கேலி செய்கிறார்.

சரித்திரக்காரர் இதனை எவ்வாறு கொள்வது? கமிஷன் அறிக்கையில் இல்லாத இறந்தோர் கணக்கை இதிலே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பஞ்சத்தைக் கண்ட ஒரு தலைமுறையின் மனத்தில் கடவுள், ஜமீன்தார், கலெக்டர் என்ற மூவரும் எந்த வரிசையில் நின்றனர் என்பதை அறிய இது உதவும். திருமுகம் கலெக்டர் துரைக்குப் போகாமல் ஜமீன்தாருக்குப் போகிறது. ஜனங்கள் அரசாங்கத்தை நம்பவில்லை என்பதற்கு இது சாட்சி என்று அவசரப்படுபவர் எழுதிவிடுவார். பாடியவர் அச்சமஸ்தானத்தை அண்டி வாழ்ந்தவர் என்பதை நினைத்தால் அந்த வேகம் தணியும். பழைய புத்தகம் உண்மையைச் சொல்லும் என்று நம்புவது எவ்வளவு பேதைமையோ, அவ்வளவே பேதைமை அது பொய்யென்று எறிந்துவிடுவதும்.

பஞ்சம் மாத்திரம் அன்று. ரயில் விபத்து, கொலை வழக்கு, புயல், பிளேக், கள்ளுக்கடை மறியல் என்று எந்தச் சம்பவம் நிகழ்ந்தாலும் சில நாட்களில் சிந்தாகவும் கும்மியாகவும் காலணா அரையணா விலையில் அச்சாகி, சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விலைபோயிற்று. எட்டுப் பக்கம், மங்கிய மை, பிழை மலிந்த பாட்டு. இவற்றை நூலகத்தில் வைப்பது நூலகத்துக்கே இழுக்கு என்று எண்ணியவர்கள் முன்பு இருந்தனர், இப்பொழுதும் இல்லாமலில்லை. பாதிரியார் ஜான் மர்டாக் 1865இல் தமிழ் அச்சு நூல்களுக்கு வகைப்படுத்திய கேடலாகு ஒன்றை வெளியிட்டபோது, தமக்குச் சிறிதும் பிடிக்காத நூல்களையும் கண்டித்துக்கொண்டே அதில் சேர்த்துக்கொண்டார். அவர் நோக்கம் சமயப் பிரசாரம். ஆயினும், பிடிக்காததை விடாமல் பதிந்த அந்த ஒழுங்கினால், மயிலை சீனி. வேங்கடசாமி போன்றோர் பின்னாளிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ் இலக்கியத்தைப் பற்றி எழுதுவதற்கு ஓர் அடித்தளம் கிடைத்தது.

தனித்தனி நூல்கள் இவ்வாறு பேசுவது போலவே, ஒருவர் சேர்த்த தொகுதி முழுவதும் சேர்ந்து ஒன்றைப் பேசும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஸீகன்பால்கு பாதிரியார் இரண்டாண்டுக்குள் தாம் திரட்டிய ஓலைச்சுவடிகளுக்கு 1708இல் ஜெர்மன் பாஷையிலே ஒரு விவரப் பட்டியல் எழுதினார். கொன்றைவேந்தன், உலகநீதி முதலிய நீதி நூல்களில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. சிலவற்றை மொழிபெயர்த்தும் இருக்கிறார். சோழநாட்டுக் கடற்கரையில் அக்காலத்து ஒரு சாதாரண உபாத்தியாயர் வீட்டுப் பரணில் என்ன என்ன சுவடிகள் இருந்திருக்கும் என்பதற்கு அப்பட்டியலை ஒப்பச் சான்று தருவது வேறில்லை. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசு செய்த இரண்டாம் சரபோஜி மன்னர் தருவித்த ஐரோப்பியப் புத்தகங்கள் பலவற்றில் அவருடைய ஆங்கிலக் கையெழுத்தைச் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் காணலாம். வைத்தியம், உடற்கூறு, பிரயாணம், சித்திரம் என்று அவை ஒரே மாளிகையில் இருக்கும்வரையில் அம்மன்னரின் மனம் நமக்குத் தெரியும். பொருள்வாரியாகப் பிரித்து வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டால் புத்தகங்கள் இருக்கும், சரபோஜி இருக்கமாட்டார். மறைமலையடிகளின் சொந்த நூல்நிலையம் 1958இல் சென்னையில் அவர் பெயராலேயே ஒரு பொது நூல்நிலையமாயிற்று. தனித்தமிழ் பேசிய அடிகள் ஆங்கில நூல்களை எவ்வளவு ஆவலோடு சேர்த்தார் என்பதை அவ்வலமாரிகள் சொல்லும்.

கைவிட்டுப் போனவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். அந்தாம் தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ் போர்ச்சுக்கேசிய அகராதி 1679இல் மலையாளக் கரையின் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. தனிநாயக அடிகள் அதன் பிரதியை ரோமாபுரி வத்திக்கான் நூலகத்தில் கண்டு 1966இல் மலேயாவிலிருந்து மறுபதிப்புச் செய்தார்கள். அச்சான நாட்டில் அது கிடைக்கவில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் இல்லாத சுவடிகளும் இருந்தன.

தீயும் கரையானும் இராமபாணப் பூச்சியும் செய்யும் அழிவை யாவரும் அறிவர். காகிதமே தன்னைத்தான் அழித்துக்கொள்வதைப் பலர் அறியார். கந்தையிலிருந்து செய்த பழைய காகிதத்தில் அச்சான 1812ஆம் வருஷத்துப் புத்தகம் இன்னும் வளைந்து கொடுக்கும்; மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான 1912ஆம் வருஷத்துப் புத்தகமோ அதிலுள்ள அமிலத்தால் பழுப்பேறி, பக்கம் புரட்டும்போதே ஒடிந்து விழும். ஆகவே, வயதில் மூத்ததற்கு முதலில் சிகிச்சை என்ற முறை இங்கே பொருந்தாது. பாரதி காலத்துப் பத்திரிகைகளும் நாவல்களும் நாடகப் பாட்டுப் புத்தகங்களுமே இன்று அதிக ஆபத்தில் இருக்கின்றன.

நூலகத்தாரின் நல்லெண்ணமும் சில வேளைகளில் தீங்கு செய்துவிடுகிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நூலகத்தில், பழைய மாதப் பத்திரிகை ஒன்றின் பல வருஷத்துத் தொகுதிகள் அழகாகக் காலிகோ பைண்டு செய்யப்பட்டிருந்தன. திறந்து பார்த்தேன். பைண்டு செய்தவர் ஒவ்வோர் இதழின் மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் உதவாதவை என்று வெட்டி நீக்கியிருந்தார். எந்தச் சவுக்காரம், எந்தக் கூந்தல் தைலம், எந்த வைத்தியசாலை, என்ன சந்தா என்பவையெல்லாம் அவரோடு போயின. கட்டுரைகள் பத்திரமாக இருந்தன. அவற்றுட் பல பின்னர்த் தனி நூலாகவும் வந்தவை. இரண்டாம் பிரதி என்று கழித்துவிடுவதும் இத்தகையதே. ஒரே நூலின் இரண்டு பிரதிகளுள் ஒன்றில் யாரோ ஓர் உபாத்தியாயர் ஓரத்தில் எழுதிய குறிப்பு இருக்கும், மற்றொன்றில் இராது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்துவந்த ரோஜா முத்தையா அவர்களுக்கு உதவுவது, உதவாதது என்ற இந்தப் பாகுபாடே கிடையாது. புத்தகமும் பத்திரிகையும் வாங்கியதோடு நாடக நோட்டீஸ், கலியாணப் பத்திரிகை, கடிதம், புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்தார். ஒரு லட்சம் உருப்படி என்று சொல்லத்தக்க அத்தொகுதியை, அவர் 1992இல் காலமான பின்னர், சிக்காகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கியது. தமிழ்நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல் அதனைச் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிறுவினார்கள். நாடகக் கம்பெனிகளின் சரித்திரத்தை எழுதப் புகும் ஒருவர், எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எந்த நாளில், என்ன டிக்கட்டு விலையில், யார் ஸ்திரீ பார்ட் வேஷம் கட்டினார் என்பதை அங்குள்ள நோட்டீஸ்களிலிருந்து எடுக்கலாம். நாடகத்தின் பாட்டுப் புத்தகமும் பெரும்பாலும் அதே நூலகத்திலேயே கிடைக்கும். இரண்டையும் ஒரே மேஜையில் விரித்து வைத்துப் படிக்கலாம்.